தூள் சுமந்த காலம், கொட்டை வாங்கும் காலம்

திருவண்ணாமலை நகரத்தில் அவலூர்பேட்டை ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அதைப் பிடித்து வடகிழக்கே போனால் எங்கள் ஊர் வரும். விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் வட்டம். ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பிழைக்கும் பூமி. நெல் உண்டு, கரும்பு உண்டு, மல்லாட்டை உண்டு. காப்பிச் செடி கிடையாது. நாங்கள் சொல்லக்கூடிய காப்பி மலை என்றால் சேலத்துக்கு மேலே இருக்கும் ஏற்காடுதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பிய பெட்டிகளில், துணிமணிக்கு நடுவே காப்பித்தூள் பொட்டலம் ஒன்று தவறாமல் இடம்பிடித்திருந்த காலம் ஒன்று உண்டு.

இன்று அந்தப் பொட்டலம் சிறுத்துவிட்டது. பல பெட்டிகளில் அதைக் காணவே காணோம். வெளிநாட்டில் வாழும் தமிழருக்கு நல்ல காப்பி கிடைக்கும் வழி ஒரே தலைமுறைக்குள் தலைகீழாக மாறியிருக்கிறது. அது எப்படி மாறியது, மாறியதில் யாருக்கு நன்மை, இன்னும் மாறாமல் கிடப்பது எது என்று எழுதிவைக்க எனக்கு நெடுநாள் ஆசை.

காப்பிக்காகக் கடல் கடந்தவர்கள்

காப்பியை எடுத்துக்கொண்டு கடல் தாண்டுவதற்கு வெகுகாலம் முன்பே, காப்பிக்காகத் தமிழர்கள் கடல் தாண்டியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயத் துரைமார்கள் கண்டி மலைகளில் காட்டை அழித்துக் காப்பி பயிரிட்டார்கள். பழம் பறிக்கும் பருவத்துக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைப் பக்கம் கால்நடையாக நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் அந்தத் தோட்டங்களில் தலைகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து அதே மலைகளில் தேயிலை வந்தது. தமிழரின் வெளிநாட்டு வாழ்வுக்கும் காப்பிக்கும் உள்ள உறவு அங்கே, பறித்த கைகளின் உழைப்பில் தொடங்குகிறது. டம்ளரில் ஆற்றிக் குடித்த கதை பின்னால் வந்தது.

அந்தப் பின்கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். நகரத்து வீடுகளில் நுழைந்த காப்பி, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக உட்கார்ந்துகொண்டது. உழைக்கும் மக்களின் பானமாக டீ பரவியது. எந்த வீட்டில் எது கொதிக்கிறது என்பதை வைத்தே வீட்டின் நிலையைச் சொல்லிவிடலாம் என்ற காலம் அது.

எங்கள் ஊரும் அதற்கு விலக்கு இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது காலை என்றால் கேழ்வரகுக் கூழ் அல்லது பழைய சோறு. கடைத்தெருவுக்குப் போனால் டீ. ஃபில்டர் வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாத்தியார் வீடு, மண்டிக்காரர் வீடு, கோயில் ஐயர் வீடு. மற்ற வீடுகளில் விருந்தாளி வந்தால்தான் காப்பி, இல்லையென்றால் காய்ச்சலில் படுத்தால் வரக்காப்பி. தூளையும் வெல்லத்தையும் போட்டுக் கொதிக்கவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுப்பார்கள். திருவண்ணாமலைக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லிவிட்டால் கால் கிலோ அரைத்து வாங்கி வருவார். பஸ்ஸை விட்டு அவர் இறங்கும்போதே பையிலிருந்து வாசனை வரும்.

அன்றைக்கு ஊரில் கிடைத்த காப்பி என்ன தரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1942இல் வந்த காப்பிச் சட்டத்தின்படி, தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வாரியம் ஏற்றுமதிக்குத் தனியாக ஏலம் விடும், உள்நாட்டுக்குத் தனியாக ஏலம் விடும். வெளிநாட்டுச் செலாவணி நாட்டுக்கு உயிராக இருந்த காலம் என்பதால் நல்ல கொட்டைக்கு முதல் உரிமை கப்பலுக்குத்தான். இந்த ஏற்பாடு 1990களில் படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முழுதாக விலகியது. ஆக, அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் மலைக் கொட்டை நமக்கு முன்பே வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. பின்னால் போன நம் ஆட்கள் அங்கே போய் ஊர்க் காப்பிக்கு ஏங்கினார்கள்.

பெட்டி கட்டிய நாட்கள்

1970களில் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் வேலை பெருகியது. அடுத்த இருபது ஆண்டுகளில் செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் கொத்தனாராக, எலக்ட்ரீஷியனாக, டிரைவராகப் பலர் கிளம்பினார்கள். படித்த பிள்ளைகள் சிலர் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். யார் கிளம்பினாலும் பெட்டி கட்டுவது தெருவுக்கே ஒரு வேலை.

காப்பித்தூளைக் கட்டுவதற்கென்று ஒரு முறை இருந்தது. அரைத்து வந்த தூள் மெஷின் சூட்டோடு இருக்கும். அப்படியே கட்டினால் உள்ளே வேர்த்துவிடும். அதனால் செய்தித்தாளில் பரப்பி ஆறவைப்பார்கள். பிறகு பாலிதீன் கவரில் கொட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை ஒரு பழைய ஹாக்ஸா பிளேடுமேல் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஓட்டி ஒட்டுவார்கள். அதன்மேல் இன்னொரு கவர். அதைப் பழைய வேட்டியில் சுற்றி, எவர்சில்வர் தூக்கில் இறக்கி மூடுவார்கள். ஃபில்டர் கொண்டுபோகிறவர் என்றால் அதன் உள்ளே வெறும் காற்றாக விட மனம் வராது. ஒரு சின்னப் பொட்டலம் தூளை அதற்குள்ளும் திணிப்பார்கள். விமானத்தில் இத்தனை கிலோதான் என்று கணக்கு உண்டு. புளி, ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

“ஏம்மா, அங்கல்லாம் காப்பித்தூள் கெடைக்காமலா போயிடும்?”

“கெடைக்கும்டா. நம்ம தூள் கெடைக்குமா? பேசாம எடுத்துக்கினு போ.”

இந்தப் பேச்சை எங்கள் தெருவில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கேட்டிருக்கிறேன். பிள்ளை காலையில் எழுந்து முதலில் குடிப்பது தன் கையால் கட்டிக்கொடுத்ததாக இருக்க வேண்டும் என்ற ஆசை அந்த அம்மாக்களுக்கு. அந்த ஆசைக்கு நான் இன்றும் தலை வணங்குகிறேன்.

ஆனால் இயற்கை அந்த ஆசைக்கு ஒத்துழைக்கவில்லை. காப்பிக் கொட்டையை வறுக்கும்போது நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்கள் உண்டாகின்றன. கூடவே கரியமில வாயுவும் கொட்டைக்குள் அடைபடுகிறது. கொட்டை முழுதாக இருக்கும்வரை அவை மெதுவாகத்தான் வெளியேறும். அரைத்துவிட்டால் காற்றுபடும் பரப்பு பல மடங்கு பெருகிவிடும். வாசனை பறந்துபோகும், எண்ணெய்ப்பசை காற்றோடு சேர்ந்து சிக்குவாடை அடிக்கும். இரண்டு மூன்று வாரம்வரை தூள் தூளாக இருக்கும். அதற்குப் பிறகு நிறம் இருக்கும், கசப்பு இருக்கும், மணம் இருக்காது. கொண்டுபோன தூளை விருந்தாளிக்கும் நல்ல நாளுக்கும் என்று மிச்சம்பிடித்து வைத்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். ஆசையாக வைத்துக் கடைசியில் பிரித்தபோது அது வேறு ஏதோவாக மாறியிருந்தது.

அங்கே அன்று கிடைத்தது

வளைகுடாவில் முகாம் அறைகளில் இருந்தவர்களுக்கு ஃபில்டர் வைத்து டிகாஷன் இறங்கும்வரை காத்திருக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. விடியுமுன் பஸ் வந்து நிற்கும். 1938இல் சுவிட்சர்லாந்தில் அறிமுகமான நெஸ்கஃபேயும் அதன் வழிவந்த உடனடிக் காப்பிகளும்தான் அவர்களுக்குக் கைகொடுத்தன. பாலுக்குப் பால் பவுடர், இல்லையென்றால் டின்னில் வரும் சுண்டிய பால். அரபு வீடுகளில் கொடுத்த கஹ்வா வேறு உலகம்: லேசாக வறுத்த கொட்டை, ஏலக்காய், பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, கூடப் பேரீச்சம்பழம். நம் நாக்குக்கு அது காப்பியாகப் படவே சிலருக்குப் பல மாதம் ஆயிற்று.

சிங்கப்பூர் போனவர்களுக்கு அவ்வளவு வறட்சி இல்லை. அங்கே தெருமுனைக் கடைகளில் ‘கோப்பி’ உண்டு. ரொபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய் வகைக் கொழுப்பும் சேர்த்துக் கருக வறுத்து, நீளமான துணிப்பையில் ஊற்றி வடித்து, டின் பால் கலந்து தருவார்கள். நம் வரக்காப்பித் துணிவடிக்கு அது தூரத்து உறவு. சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் போன்ற இடங்களில் ஊர்க் காப்பியே கிடைத்தது. ஊரை நினைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்த தலைமுறைகள் எத்தனையோ.

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு போன தமிழர்கள் பாடு கஷ்டம். இந்தியக் கடை என்று ஒன்று வேண்டும் என்றால் பெரிய நகரத்தில் இருக்க வேண்டும்; சிகாகோவின் டெவன் அவென்யூவில் பட்டேல் பிரதர்ஸ் தொடங்கியதே 1974இல்தான். அலுவலகங்களில் மின்சாரப் பாத்திரத்தில் இறங்கிய காப்பி பெரிய கோப்பை நிறைய இருக்கும், திடம் இருக்காது. அதில் நம் பால் காப்பி வராது. பாலைச் சேர்த்தால் இரண்டும் கெட்டுவிடும்.

அங்கே அவர்களுக்குத் துணையாக வந்தது ஒரு மஞ்சள் தகர டப்பா. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 1862 முதல் இருக்கும் கஃபே து மோந்த் கடையின் சிக்கரி கலந்த காப்பித்தூள் அது. நெப்போலியன் காலத்துத் துறைமுக முற்றுகையில் காப்பி தட்டுப்பாடானபோது பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரி வேரை வறுத்துச் சேர்க்கப் பழகினார்கள். அவர்கள் குடியேறிய நியூ ஆர்லியன்ஸிலும் அந்தப் பழக்கம் வேரூன்றி, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வலுத்தது. வியட்நாம் அகதிகள் அந்த டப்பாவைத் தங்கள் காப்பிக்கு எடுத்துக்கொண்டார்கள். தமிழ்க் குடும்பங்களும் அதைக் கண்டுபிடித்தன. கும்பகோணத்துச் சுவை என்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்தக் கருப்புத் திடத்தில் ஒரு பங்கு சிக்கரியுடையது என்பது பலருக்கு அப்போதுதான் விளங்கியது.

பிரான்ஸ் கதையும் எங்களுக்குப் பக்கத்துக் கதைதான். செஞ்சிக் கோட்டையை 1750இல் பிடித்துப் பதினோரு ஆண்டு வைத்திருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதற்கு முன்பே, 1715இல் ஏமன் நாட்டுக் காப்பிச் செடிகளைப் பூர்போன் தீவில் கொண்டுபோய் நட்டவர்களும் அவர்களே. உலகம் முழுவதும் ‘பூர்போன்’ என்று சொல்லப்படும் அராபிகா வகைக்கு அந்தத் தீவின் பெயர்தான். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. அவர்களில் பிரான்சுக்குப் போய் வாழ்ந்தவர்களுக்குச் சிக்கரிக்குப் பஞ்சம் இல்லை. வட பிரான்சின் ஓர்ஷி என்ற ஊரில் லெரூ நிறுவனம் 1858 முதல் சிக்கரி தயாரிக்கிறது. சாதாரணக் கடையிலேயே அது கிடைக்கும். அங்கேயே கிடைத்த காப்பித்தூளில் அதைக் கலந்து, ஊரிலிருந்து கொண்டுபோன ஃபில்டரில் போட்டால் வேலை முடிந்தது. தூளைச் சுமக்காமலும் ஊர்க் காப்பி போடலாம் என்பதற்கு முதல் பாடம் அதில் இருந்தது.

இன்று

இப்போதைய நிலை வேறு. நரசுஸ், லியோ, கோத்தாஸ் போன்ற நம் தூள்கள் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இந்தியக் கடைகளின் சாதாரணச் சரக்கு. எவர்சில்வர் ஃபில்டரும் டபரா டம்ளரும் அதே அலமாரியில் இருக்கும். சரவண பவன் 2000ஆம் ஆண்டில் துபாயில் தன் முதல் வெளிநாட்டுக் கிளையைத் திறந்தது. அதைத் தொடர்ந்து பல நாட்டு நகரங்களில் நம் காப்பி மேசைக்கு வந்தது. வீட்டிலிருந்தபடி போனில் தட்டினால் தூளும் வரும், ஃபில்டரும் வரும்.

இதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. நகரத்துக்கு நகரம் சின்னச் சின்ன வறுப்புக்கூடங்கள் வந்துவிட்டன. அவர்கள் விற்கும் கொட்டைப் பையின்மேல் எந்த நாடு, எந்தத் தோட்டம், என்றைக்கு வறுத்தது என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளிருக்கும் வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே போகாமலும் இருக்கப் பையில் ஒரு வால்வு. போன வாரம் வறுத்த கொட்டையை வாங்கி, வீட்டில் அன்றன்று அரைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து கப்பலில் வந்து கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த நம் ஊர்த் தூளைவிட, அங்கேயே வறுத்த இந்தக் கொட்டையில் நம் காப்பிக்கு வேண்டிய மணம் அதிகம். ஊர்ப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டின்மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனாலும் நாக்கு சொல்வது இதைத்தான்.

அந்தக் கொட்டையே நம்முடையதாக இருக்கவும் இன்று வாய்ப்பு அதிகம். இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. வாங்குகிறவர்களில் முதல் வரிசையில் இருப்பது இத்தாலி. எஸ்பிரெஸ்ஸோவுக்குத் திடமும் மேலே நிற்கும் பொன்னிற நுரையும் தருவதற்கு நம் ரொபஸ்டாவை அவர்கள் விரும்பிக் கலக்கிறார்கள். ஆந்திர மலைவாழ் மக்கள் விளைவிக்கும் அரக்கு காப்பிக்கு 2017இல் பாரிஸ் நகரத்திலேயே கடை திறந்தது. 2019இல் குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு அராபிகா வகைகளுக்கும் வயநாட்டு ரொபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒருகாலத்தில் மொத்தமாகக் கொட்டிப் பெயரில்லாமல் போன கொட்டை இப்போது மலையின் பெயரோடு போகிறது. வெளிநாட்டில் இருக்கும் தமிழர் பையைத் திருப்பிப் படித்தால் தன் நாட்டு மலையை அங்கே பார்க்கலாம்.

ஃபில்டரும் அதன் சொந்தங்களும்

கருவி விஷயத்தில் அன்று ஒரே கவலை, ஃபில்டர் தொலைந்தால் வேறு வழி இல்லை என்பது. மேல் பாத்திரத்தில் ஓட்டை அடைத்துக்கொண்டாலோ நசுங்கினாலோ அடுத்த முறை ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இன்று உலகத்துக் கருவிகள் எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நம் காப்பியைப் பொறுத்தவரை எல்லாம் சமமில்லை. பால் கலந்த பிறகும் காப்பி தெரிய வேண்டும் என்றால் டிகாஷன் கனமாக இருக்க வேண்டும். அந்த அளவுகோலில் பார்த்தால் நமக்கு மிக நெருங்கிய உறவு வியட்நாமின் ‘ஃபின்’. ஓட்டை போட்ட தட்டு, தூளை அமுக்க ஒரு வில்லை, மூடி. வேறுபாடு, அது கோப்பைக்கு மேல் நேரே உட்காரும். வியட்நாம் கடை இருக்கும் ஊரில் ஃபில்டர் கிடைக்கவில்லை என்றால் இதை வாங்கிக்கொள்ளலாம். அடுத்தது 1933இல் இத்தாலியில் பியலெட்டி வெளியிட்ட மோக்கா பாத்திரம். அடுப்பில் வைத்தால் ஆவி அழுத்தத்தில் தண்ணீர் மேலேறித் தூளைக் கடந்து மேல் பாத்திரத்தில் நிரம்பும். ஐந்து நிமிடத்தில் பால் தாங்கும் டிகாஷன். 2005இல் வந்த ஏரோபிரெஸ் எடை குறைவு, உடையாது. விடுதி அறையில் இருக்கும் மாணவருக்குத் தோது. பிரெஞ்சு பிரெஸ்ஸும் காகித வடிகட்டியும் பால் இல்லாக் காப்பிக்கு நல்லவை. நம் காப்பிக்கு அவை தரும் சாறு நீர்த்துப்போகும்.

எதை வாங்கினாலும் பணத்தை முதலில் போட வேண்டியது அரைக்கும் மெஷினில். தகடு சுழன்று கொட்டையை வெட்டும் வகை வேண்டாம். பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும். இரண்டு பற்சக்கரத்துக்கு இடையில் நசுக்கி ஒரே சீராக அரைக்கும் வகை வேண்டும். கையால் சுற்றுவதாக இருந்தாலும் போதும். அந்தக் காலத்தில் வசதியான வீடுகளில் பலகையில் திருகிவைத்திருந்த கை மெஷினும் இதே தத்துவந்தான்.

டிகாஷன் இறங்கும் நேரம்

வெளிநாட்டுக் கொட்டையை ஃபில்டரில் போட்டவர்கள் முதலில் சொல்லும் குறை, “தண்ணி சடசடன்னு இறங்கிடுது, திடமே இல்ல” என்பது. காரணம் எளிது. நம் தூளில் இருக்கும் சிக்கரி தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக விடும். வெறும் காப்பியில் அந்தப் பிடிப்பு இல்லை. அதற்கு மாற்று இரண்டு. தூளைச் சற்று நைசாக அரைத்து அழுத்தமாக அமுக்கலாம். இல்லையென்றால் நூறு கிராமுக்குப் பதினைந்து இருபது கிராம் சிக்கரி கலக்கலாம்.

கொட்டை நடுத்தரத்தைவிடக் கொஞ்சம் கருக வறுத்ததாக இருக்கட்டும். லேசாக வறுத்த கொட்டையின் பழப்புளிப்பு பாலோடு சேராது. முப்பது கிராம் தூளை மேல் பாத்திரத்தில் போட்டு, பக்கவாட்டில் தட்டிச் சமன்செய்து, ஃபில்டரோடு வரும் குடைவில்லையால் அமுக்குங்கள். தண்ணீர் கொதித்து அடங்கியதும் முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றுங்கள். தூள் உப்பிச் சின்னச் சின்னக் குமிழி கட்டும்; புதிதாக வறுத்ததற்கு அதுவே சாட்சி. அரை நிமிடம் விட்டு மிச்சத் தண்ணீரை ஊற்றி மூடுங்கள். மொத்தம் நூற்றைம்பது மில்லி போதும். கீழே முதல் சொட்டு விழ இரண்டு மூன்று நிமிடம் ஆக வேண்டும். முழுதும் இறங்க இருபது நிமிடம். அதற்கு முன்பே காலியாகிவிட்டால் மறுநாள் இன்னும் நைசாக அரையுங்கள். ஒரு மணிநேரம் ஆகியும் நிற்கிறது என்றால் சற்றுக் கரகரப்பாக அரையுங்கள்.

பால் விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம். எருமைப்பால் கறந்த வீட்டில் அதையும் தாண்டும். அமெரிக்கக் கடையில் ‘முழுப் பால்’ என்று விற்பதிலேயே 3.25 சதவீதம்தான். ஊர்ப் பாலின் கனம் அதில் எப்படி வரும்? முழுப் பாலில் கால் பங்கு, பாலும் கிரீமும் பாதிப்பாதி கலந்து விற்கும் வகையைச் சேர்த்தால் சரியாகிவிடும். பாலைப் பொங்கவிட்டு, கொதிக்கும்போதே டிகாஷனில் ஊற்றி, டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் ஊர்க் காப்பி அங்கேயே தயார்.

இந்தப் பக்குவம் கைக்கு வந்துவிட்டால், எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே நேற்று வறுத்த கொட்டையிலிருந்து தன் அம்மாவின் காப்பியை ஒருவர் எடுத்துவிட முடியும். பெட்டியில் போக வேண்டியது ஒரு ஃபில்டர் மட்டும். அன்று தூளை நம்பி இருந்தோம். இன்று கையை நம்பலாம்.

மாற வேண்டியது

இவ்வளவு மாற்றமும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வளைகுடாவில் ஒரே அறையில் பல பேராகப் படுத்து எழுந்து வேலைக்கு ஓடுகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்றும் சாஷே காப்பியும் டீயும்தான். கையில் பணம் சேர்ந்தாலும் அடுப்பு முறை வரும்வரை காத்திருக்கும் வாழ்க்கையில் இருபது நிமிடம் கிடைப்பது அரிது. நல்ல காப்பி என்று பேசும்போது கொட்டையையும் கருவியையும் சொல்கிறோம். தனக்கென்று ஒரு சமையலறையும் அவசரமில்லாத ஒரு காலையும் வேண்டும் என்பதைச் சொல்ல விட்டுவிடுகிறோம்.

ஆனால் இன்னொன்றையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஃபில்டரே பார்க்காத வீட்டிலிருந்து போனவர்கள் அங்கே நல்ல காப்பியைப் பழகிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். கூழ் குடித்து வளர்ந்த வீட்டின் அடுப்படியில் இப்போது மோக்கா பாத்திரம் இருக்கிறது. வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தில் வாங்கியது. ஒருகாலத்தில் மண்டிக்காரர் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது மட்டும் மூக்கில் ஏறிய மணம் இப்போது எல்லாத் தெருவுக்கும் வந்திருக்கிறது. எங்கள் ஊர் மாறியதில் எனக்கு மிகவும் நிறைவு தரும் மாற்றங்களில் இது ஒன்று. காப்பி சிலருக்கு மட்டும் உரியதாக இருந்த நாள் போய்விட்டது.

இனி மாற வேண்டியது ஊர்க் கடைதான். நாட்டின் நல்ல கொட்டையில் பெரும்பங்கு இன்றும் வெளியேதான் போகிறது. சின்ன ஊர்க் கடைகளில் தொங்கும் மலிவுப் பாக்கெட்டுகளில் சிக்கரிதான் கொழிக்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எது எவ்வளவு என்று பாக்கெட்டின்மேல் போட்டிருக்க வேண்டும். அதைப் படித்து வாங்குகிறவர் எங்கள் பக்கம் குறைவு. வெளிநாட்டில் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வறுத்த தேதி கேட்கும் அதே பிள்ளைகள், விடுமுறைக்கு வந்தால் அவலூர்பேட்டைக் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

அப்படி விட்டுவிடாதீர்கள். “அண்ணே, இது எப்ப அரைச்சது? இதுல காப்பி எவ்ளோ, சிக்கரி எவ்ளோ?” என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார், பத்துப் பேர் கேட்டால் நல்ல தூள் வரவழைப்பார். கடல் தாண்டிப் போய்க் கற்றுக்கொண்ட கேள்வி இது. இதை முதலில் கேட்க வேண்டிய இடம் நம் சொந்தக் கடைத்தெரு.